ஆமணக்குச் செடியால் வந்த கலகம்

ஒரு செடியின் பெயரை மாற்றி வாசித்ததற்காக ஒரு கோவிலில் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? இது நடந்தது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்று லிபியா நாட்டின் தலைநகராக இருக்கும் திரிப்பொலி, அன்று ஓயா என்று அழைக்கப்பட்டது. அந்நகரின் ஆயர், பெத்லகேமிலிருந்து வந்திருந்த ஒரு புதிய இலத்தீன் மொழிபெயர்ப்பைத் தம் மக்களுக்கு வாசிக்கச் செய்தார். வாசிக்கப்பட்டது இறைவாக்கினர் யோனாவின் நூல். நினிவே நகருக்கு வெளியே வெயிலில் அமர்ந்திருந்த யோனாவுக்கு நிழல் தர, கடவுள் ஒரு செடியை முளைக்கச் செய்தார் என்ற பகுதி வந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் அதைச் 'சுரைக்கொடி' என்றே கேட்டு வந்திருந்தார்கள். இப்போதோ, வேறொரு கொடியின் பெயர் அவர்கள் காதில் விழுந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு கூச்சல். குறிப்பாக, கிரேக்கம் அறிந்தவர்கள், 'இது பொய்யான மொழிபெயர்ப்பு' என்று சத்தமிட்டார்கள். ஆயர் என்ன செய்வார்? அந்த ஊரில் வாழ்ந்த யூதர்களிடம் ஆளனுப்பி, எபிரேயத்தில் உள்ளபடி என்னவென்று கேட்டார். அவர்களோ, பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களில் உள்ளதுதான் எபிரேயத்திலும் உள்ளது என்று சொல்லிவிட்டார்கள். மக்களே இல்லாத ஆயராகிவிடுவோமோ என்ற அச்சத்தில், அவர் அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டார்.

இந்தச் செய்தியை நமக்குச் சொல்பவர், ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீன். 403ஆம் ஆண்டு, பெத்லகேமில் இருந்த புனித எரோணிமுசுக்கு அவர் எழுதிய மடலில் இது உள்ளது. அந்தப் புதிய மொழிபெயர்ப்பைச் செய்தவர் எரோணிமுஸ்தான்.

ஓயா நகர் மக்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நாம் சிரிக்க வேண்டாம். ஏனெனில், அவர்களுக்குச் சுரைக்கொடி என்பது வெறும் சொல் அல்ல. உரோமை நகரில், நிலத்துக்கு அடியில் உள்ள தொடக்ககாலக் கிறிஸ்தவக் கல்லறைச் சுரங்கங்களுக்குச் சென்றால், சுவர் ஓவியங்களில் யோனாவைக் காணலாம். மீனின் வாயிலிருந்து மீண்டு, சுரைக்காய்கள் தொங்கும் பந்தலின்கீழ், ஒரு கையைத் தலைக்கு அணையாக வைத்து, நிம்மதியாகப் படுத்திருக்கிறார். இத்தாலியின் அக்குய்லேயா நகரில், நான்காம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட பேராலயத் தளத்தில், வண்ணக்கல் பதிப்பிலும் அதே காட்சி. இறந்தவர்கள் கடவுளின் நிழலில் இளைப்பாறுகிறார்கள் என்பதைச் சொல்ல, அக்காலக் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்த படம் அது. தாயையும் தந்தையையும் அந்த ஓவியத்தின் அருகே அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களிடம், 'அது சுரை இல்லை' என்று சொன்னால், எப்படி இருந்திருக்கும்?

நமக்கும் இது புதிதல்ல. சர்வேசுரன் என்ற சொல்லோடு வளர்ந்த நம் பாட்டிமார், கடவுள் என்றும், ஆண்டவர் என்றும் மாற்றிச் சொல்லப் பழகுவதற்குள் எவ்வளவு தடுமாறினார்கள்! பிரியதத்த மந்திரத்தைப் பழைய சொற்களிலேயே முணுமுணுத்துக்கொண்டு, கோவிலில் மட்டும் புதிய சொற்களுக்கு வாயசைத்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சொற்களில்தான் அவர்கள் அழுதிருந்தார்கள், நன்றி சொல்லியிருந்தார்கள்.

அப்படியானால், எரோணிமுஸ் ஏன் இந்த வம்பில் இறங்கினார்? அன்று இலத்தீன் திருஅவை வாசித்த பழைய ஏற்பாடு, 'எழுபதின்மர் மொழிபெயர்ப்பு' என்ற கிரேக்க நூலிலிருந்து இலத்தீனுக்கு வந்தது. அதாவது, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. 386ஆம் ஆண்டு பெத்லகேமில் குடியேறிய எரோணிமுஸ், ஊற்றிலிருந்தே நீர் மொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். ஏறக்குறைய 15 ஆண்டுகள், எபிரேயத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தார். இளமையில் சிரியாவின் பாலைநிலத்தில் துறவியாக வாழ்ந்தபோதே, கிறிஸ்தவராக மாறிய ஒரு யூதரிடம் அவர் எபிரேய எழுத்துக்களைக் கற்கத் தொடங்கியிருந்தார். இலத்தீனின் இனிய நடையில் ஊறியவருக்கு, தொண்டையிலிருந்து எழும் அந்த ஒலிகள் பெரும் பாடாக இருந்தன. பலமுறை கைவிட்டு, மீண்டும் தொடங்கினார். பெத்லகேமில், பரனீனா என்ற யூத ஆசிரியர் அவருக்குப் பாடம் சொல்ல வந்தார். பகலில் அல்ல, இரவில். தம் சொந்த மக்களுக்கு அஞ்சி அவர் அப்படி வந்ததாகவும், தமக்கு அவர் இன்னொரு நிக்கதேமாக இருந்ததாகவும் எரோணிமுஸ் எழுதியுள்ளார். அவரோடு பெத்லகேமில் வாழ்ந்த உரோமைப் பெண்மணி புனித பவுலாவும் எபிரேயம் கற்று, திருப்பாடல்களை அம்மொழியிலேயே பாடினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விவிலிய அறிஞர்களின் வரலாற்றில் பெண்களை மறந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

சரி, எபிரேயத்தில் உள்ள சொல்தான் என்ன? 'கீக்காயோன்'. பழைய ஏற்பாடு முழுவதிலும், யோனா நூலின் நான்காம் அதிகாரத்தில் மட்டுமே இச்சொல் வருகிறது. ஓரிடத்தில் மட்டும் வரும் சொல்லுக்குப் பொருள் காண்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தலைவலி. ஆனால், இந்தச் சொல்லுக்கு உறவினர்கள் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ், எகிப்தியர்கள் விளக்கெரிக்கப் பயன்படுத்திய ஓர் எண்ணெய்க்கு 'கிக்கி' என்று பெயர் என்கிறார். யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும், ஓய்வுநாள் விளக்குக்கு ஏற்றவை அல்ல என்று ஒதுக்கப்பட்டவற்றின் பட்டியலில் 'கீக்' எண்ணெய் இருக்கிறது. அந்தக் கீக்தான் யோனாவின் கீக்காயோன் என்று தல்மூது நூலில் ஒரு யூத ஆசிரியர் விளக்கம் சொல்கிறார். அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள் என்றும், நோயாளிகள் அதன் கிளைகளின்கீழ் இளைப்பாறுவார்கள் என்றும், அச்செடியைக் கண்ணால் கண்ட வேறொரு ஆசிரியர் சொல்கிறார்.

விளக்கெரிக்கும் எண்ணெய் தரும், அகன்ற இலைகள் கொண்ட, விறுவிறுவென வளரும் செடி. நமக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா? ஆமணக்கு! அதன் எண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்றே பெயர் வைத்தவர்கள் நாம். நம் தமிழ்த் திருவிவிலியத்திலும் யோனாவுக்கு நிழல் தருவது ஆமணக்குச் செடிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எரோணிமுசுக்கு இந்தச் செடி தெரியும். பாலஸ்தீனத்தின் மணற்பாங்கான இடங்களில் வளர்வது, திராட்சை இலைபோன்ற அகன்ற இலை, கொழுகொம்பு தேவையில்லாமல் தன் தண்டிலேயே நிற்பது, சில நாள்களில் சிறு மரமாகிவிடுவது என்று, கண்ணால் பார்த்தவராகவே எழுதுகிறார். ஆனால், இலத்தீனில் அவர் எழுதியதோ, மேற்கத்திய நாடுகளில் சுவரிலும் மரத்திலும் பற்றி ஏறுகின்ற 'ஐவி' என்ற கொடியின் பெயர்! ஏன் என்று அகுஸ்தீனுக்கு 404ஆம் ஆண்டு எழுதிய பதிலில் அவரே விளக்குகிறார். எபிரேயச் சொல்லை அப்படியே வைத்தால் யாருக்கும் புரியாது. சுரை என்று எழுதினால், எபிரேயத்தில் இல்லாததைச் சொன்னதாகும். ஆகவே, எழுபதின்மருக்குப் பிறகு கிரேக்கத்தில் மொழிபெயர்த்த மற்றவர்களோடு ஒத்துப்போகும்படி ஐவி என்று எழுதியதாகச் சொல்கிறார். ஓயா நகர யூதர்கள் ஒன்று எபிரேயம் அறியாதவர்கள், அல்லது இந்தச் 'சுரைக்காய்க்காரர்களை'க் கேலி செய்யவே அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு குத்தலும் அதில் உண்டு. புனிதர்களுக்கும் கோபம் வரும் என்பதற்கு எரோணிமுசின் மடல்களைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. நம்மைக் கேட்டால், இந்த வழக்கில் மக்கள் சொன்ன சுரையும் சரியில்லை, புனிதர் எழுதிய ஐவியும் சரியில்லை. ஆனாலும், எபிரேயத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொன்னாரே, அதில் அவர் வென்றார்.

அன்பர்களே, ஒரு செடியின் பெயர் சரியாகத் தெரிவதால் நமக்கு என்ன கிடைத்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. செடியைத் தேடி எபிரேயத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே வேறொன்றைக் கண்டுகொண்டார்கள். அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

யோனா நூல் மிகச் சிறியது. நான்கு அதிகாரங்கள், 48 இறைவசனங்கள். அதில் 'ராஆ' என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எபிரேயத்தில் இது தீய செயலையும் குறிக்கும், ஒருவர்மீது வந்து விழும் பேரிடரையும் குறிக்கும், மனக்கசப்பையும் குறிக்கும். நூலின் தொடக்கத்தில், நினிவே மக்களின் 'ராஆ' கடவுளின் முன் வந்து சேர்கிறது. கடலில் புயல் எழும்போது, இந்த 'ராஆ' யாரால் வந்தது என்று மாலுமிகள் சீட்டுப்போட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில், நினிவே மக்கள் தங்கள் தீய வழியை விட்டுத் திரும்புகிறார்கள்; அதைக் கண்ட கடவுள், தாம் அனுப்பவிருந்த 'ராஆ'வை அனுப்பாமல் விடுகிறார். அடுத்த வரியைப் படித்தால், இதே 'ராஆ', பெரிய 'ராஆ'வாக, யோனாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது! நினிவேயை விட்டுப் போனது, கடவுளின் கையிலிருந்தும் போனது. இப்போது அது இறைவாக்கினரின் நெஞ்சில் இருக்கிறது. தமிழில் படிக்கும்போது ஓரிடத்தில் தீமை, ஓரிடத்தில் தண்டனை, ஓரிடத்தில் சினம் என்று வெவ்வேறு சொற்களாக வருவதால், இந்தப் பயணம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்ல முடியாது. ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் போட்டிருந்தால், வாக்கியமே நின்றிருக்காது.

கடவுள் ஆமணக்கை எதற்காக முளைக்கச் செய்தார்? வெயிலிலிருந்து யோனாவைக் காக்க என்றுதான் நாம் நினைக்கிறோம். எபிரேயம், அவரை அவருடைய 'ராஆ'விலிருந்து விடுவிக்க என்கிறது. வெயிலின் துன்பம் என்றும் கொள்ளலாம், மனத்தின் கசப்பு என்றும் கொள்ளலாம். நினிவேயைத் தீமையிலிருந்து மீட்ட கடவுள், அதன்பின் தம் இறைவாக்கினரை மீட்கும் வேலையில் இறங்கியிருக்கிறார். அதற்கு அவர் எடுத்த கருவி, ஒரு செடி.

கருவிகள் நான்கு என்று சொல்ல வேண்டும். கடவுள் ஒரு பெரிய மீனை ஏற்பாடு செய்தார், ஆமணக்கை ஏற்பாடு செய்தார், புழுவை ஏற்பாடு செய்தார், கீழைக்காற்றை ஏற்பாடு செய்தார். நான்கு இடங்களிலும் எபிரேயத்தில் ஒரே வினைச்சொல். இதே வினைச்சொல், தானியேல் நூலில், இளைஞர்களுக்கு அன்றாட உணவை அரசன் ஒதுக்கித் தருவதைச் சொல்லவும் வருகிறது. கடலில் நீந்தும் மாபெரும் மீனும், இலையைக் கடிக்கும் சிறு புழுவும், ஒரே ஆண்டவரின் பணியாளர்கள். மறுப்புச் சொல்லாமல் போய் வேலையை முடிக்கின்றன. இந்த நூலில் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் எதிர்த்திசையில் கப்பல் ஏறியவர் ஒருவர்தான்.

கீழைக்காற்றைப் பற்றி நாம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். கடலிலிருந்து மழை மேகத்தைக் கொண்டுவரும் குளிர்ந்த காற்று அது. மேற்கிலிருந்து வரும் வெப்பக்காற்றுக்குத்தான் கோடை என்று பெயர். விவிலிய நாட்டில் இது தலைகீழ். அங்கே கடல் மேற்கில் இருக்கிறது. மழை மேற்கிலிருந்து வருகிறது. எலியாவின் பணியாளர் கடலிலிருந்து எழக் கண்ட கையளவு மேகமும் மேற்குத் திசையில்தான் தோன்றியது. கிழக்கில் இருப்பது பாலைநிலம். ஆகவே, விவிலியத்தில் கீழைக்காற்று என்றால் கதிர்களைத் தீய்ப்பது, கிணறுகளை வற்றச் செய்வது. 'கீழைக்காற்று வீசியது' என்று கேட்டதும் நம் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், 'பரவாயில்லை, யோனாவுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி கிடைத்தது' என்று நினைத்தால், கதையே கவிழ்ந்துவிடும்! புழுவைப் பற்றி நம் விவசாயிகளுக்கு விளக்கம் தேவையில்லை. நிலக்கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கை நட்டு, புழுக்களை அதன்பக்கம் இழுத்துப் பயிரைக் காப்பவர்கள் அவர்கள்.

இன்னொரு சொல்லையும் பார்ப்போம். நினிவேயில் யோனா செய்த மறையுரை, எபிரேயத்தில் ஐந்தே சொற்கள்தாம். நாற்பது நாள் கெடு. அதன்பின் நினிவேக்கு நேரவிருப்பதைச் சொல்ல அவர் பயன்படுத்தும் வினைச்சொல் 'ஹாபக்'. புரட்டிப் போடுவது என்பது அதன் பொருள். சோதோம் நகர் அழிக்கப்பட்டதைத் தொடக்கநூல் இந்தச் சொல்லால்தான் சொல்கிறது. ஆனால், சவுல்மீது ஆண்டவரின் ஆவி இறங்கும்போது அவர் வேறொரு மனிதராக மாறுவார் என்று சாமுவேல் சொன்னபோதும், இதே சொல்தான். தம் மக்களைக் கைவிட மனமில்லாமல் கடவுளின் உள்ளம் புரள்வதை ஓசேயா சொல்லும் இடத்திலும் இதே சொல்தான். நினிவே புரண்டுபோகும் என்று யோனா அறிவித்தார். சோதோமைப்போல் புரளும் என்று நினைத்துத்தான், நகருக்குக் கிழக்கே குடிசை போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார். நகரமும் புரளத்தான் செய்தது, சவுலைப்போல. யோனாவின் வாக்கு, அவரே எதிர்பாராத பொருளில் நிறைவேறியது.

யோனா ஏன் அவ்வளவு கசந்துபோனார் என்பதைப் புரிந்துகொள்ள, மொழியோடு வரலாறும் வேண்டும். நினிவே, அசீரியப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர். இன்றைய ஈராக்கின் மோசூல் நகரை ஒட்டி அதன் இடிபாடுகள் உள்ளன. கி.மு. 722ஐ ஒட்டி வடநாட்டின் தலைநகர் சமாரியாவை அழித்து, மக்களைச் சிறைப்பிடித்துச் சென்றவர்கள் அசீரியர்கள். கி.மு. 701இல், அவர்களின் மன்னன் சனகெரிபு யூதாவின் இலாக்கிசு நகரைத் தாக்கிப் பிடித்தான். அந்த வெற்றியைத் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் கல்லில் செதுக்கி வைத்தான். 19ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுக்கப்பட்ட அக்கற்கள், இன்று இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. கழுவில் ஏற்றப்பட்டவர்கள், உயிரோடு தோல் உரிக்கப்படுபவர்கள், மூட்டை முடிச்சுகளோடு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நாடுகடத்தப்படும் குடும்பங்கள், எல்லாம் அதில் இருக்கின்றன. யோனாவின் கதையை முதலில் கேட்ட இஸ்ரயேலருக்கு, நினிவே என்ற பெயர் காதில் விழுந்ததும் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய படம் இது. 'அந்த ஊருக்கா மன்னிப்பு?' என்று யோனா கேட்டால், அதை வீண் பிடிவாதம் என்று நாம் தள்ளிவிட முடியாது. அவர் பக்கம் பிணங்கள் இருந்தன.

இந்த நூலில் யோனா மகிழ்ந்தார் என்று ஒரே ஓர் இடத்தில்தான் வாசிக்கிறோம். மீனின் வயிற்றிலிருந்து தப்பியபோது அல்ல; ஒரு மாபெரும் நகர் மனம் மாறியபோதும் அல்ல. ஆமணக்கைப் பார்த்து. அது வாடியதும், சாவதே மேல் என்கிறார். அந்தச் செடியைக் கடவுள் எபிரேய வழக்கில், ஓர் இரவின் 'மகன்' என்று குறிப்பிடுகிறார். எதனோடு ஒன்று நெருங்கிச் சேர்ந்திருக்கிறதோ, அதன் மகன் என்று சொல்வது அம்மொழியின் இயல்பு. ஓர் இரவின் மகனுக்காக இவ்வளவு வருந்துகிறாயே என்கிறார் கடவுள். வலக்கை எது, இடக்கை எது என்று அறியாத ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்நகரில் இருக்கிறார்களே, கால்நடைகளும் இருக்கின்றனவே, இவர்களுக்காக நான் வருந்தக்கூடாதா என்று கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்பது நூலில் இல்லை. கேள்வியோடு நூல் முடிந்துவிடுகிறது.

யூத மக்கள் இந்நூலை, ஆண்டின் மிகப் புனிதமான நோன்பு நாளாகிய பாவக் கழுவாய் நாளின் பிற்பகலில், தொழுகைக்கூடத்தில் முழுமையாக வாசிக்கிறார்கள். முந்தைய நாள் மாலையிலிருந்தே உண்ணாமல், பருகாமல் இருந்து, தங்கள் பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில், தங்களை நசுக்கிய எதிரியையும் கடவுள் மன்னித்த கதையைக் கேட்கிறார்கள். யோனாவின் அடையாளத்தைப் பற்றிப் பேசிய நம் ஆண்டவர் இயேசு, இந்த மக்களிடையே, இந்த நூல்களைக் கேட்டு வளர்ந்தவர்.

ஓயா நகர் ஆயர் யூதர்களிடம் ஆளனுப்பிய நாளுக்குப்பின், திருஅவை வெகுதூரம் வந்திருக்கிறது. திருத்தந்தை 12ஆம் பயஸ் அவர்கள், 1943ஆம் ஆண்டு, செப்டம்பர் 30, புனித எரோணிமுசின் திருநாளன்று, ஒரு சுற்றுமடலை வெளியிட்டு, மூலமொழிகளைக் கற்று விவிலியத்தை ஆராயும்படி கத்தோலிக்க அறிஞர்களை ஊக்குவித்தார். 1965ஆம் ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கம், மூலநூல்களிலிருந்து நல்ல மொழிபெயர்ப்புகள் உருவாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 1995இல் வெளியான நம் தமிழ்த் திருவிவிலியம் அந்த வழியில் வந்தது. அகுஸ்தீனும்கூட, எழுபதின்மர் மொழிபெயர்ப்பின்மீது தமக்கிருந்த பற்றை விடாமலேயே, 'கடவுளின் நகரம்' என்ற தம் பெருநூலில், மும்மொழியும் கற்ற பேரறிஞர் என்று எரோணிமுசைப் பாராட்டி எழுதினார். மடல்களில் உரசிக்கொண்ட இருவரும் இன்று திருஅவையின் மறைவல்லுநர்கள்.

ஒரு சிறு தகவலோடு விடைபெறுகிறோம். ஞாயிறு திருப்பலி வாசகங்களில் நினிவேயின் மனமாற்றம் வருகிறது, ஆமணக்கு வருவதில்லை. தவக்காலத்தின் முதல் வாரப் புதன்கிழமை வாசகமும், கடவுள் தண்டனையை விலக்கிக்கொண்ட இடத்தோடு நின்றுவிடுகிறது. யோனாவின் நான்காம் அதிகாரம், ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 27ஆம் வாரப் புதன்கிழமை திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. வார நாள் காலைப் பூசைக்கு வருவோர் எண்ணிக்கை நமக்குத் தெரியும். வர முடியாதவர்கள், அன்று மாலை வீட்டு முற்றத்தில் அமர்ந்து அந்தப் பதினொரு வசனங்களையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அருகில் எங்காவது ஓர் ஆமணக்குச் செடி நிற்கும்.